காதில் மாட்டும் முன் ஒரு வார்த்தை



ரந்தாவ் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய மகள் நீலாயில் கல்லூரியில் படிக்கிறாள். தினமும் சிரம்பான் வரை பஸ், அங்கிருந்து கொமியூட்டர் ரயில். போக வர மூன்று மணி நேரத்துக்குமேல் ஆகிவிடுகிறதாம். "சத்தம் கேட்காத ஹெட்போன் வேண்டும் என்கிறாள் டீச்சர். கடையில் தொண்ணூறு வெள்ளிக்கு ஒன்று காட்டினார்கள். தொள்ளாயிரம் வெள்ளிக்கு இன்னொன்று. இரண்டுக்கும் 'வெளிச்சத்தம் வராது' என்றுதான் கடைப் பையன் சொல்கிறான். பத்து மடங்கு விலைக்குப் பத்து மடங்கு நன்மை உண்டா?"

நல்ல கேள்வி. நான் ரேடியோ ரிப்பேர் தெரிந்தவள் அல்ல. தோட்டப் பள்ளியில் அறிவியலும் தமிழும் சொல்லிக்கொடுப்பவள். ஆனாலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு. எங்கள் வீட்டில் காது என்பது பெரிய விஷயம். ஏன் என்று சொல்கிறேன்.

என் அப்பா செம்பனை ஆலையில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர். எந்த ஆலை என்பது இங்கே தேவையில்லை. கொட்டை உடைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில்தான் அவருக்குப் பெரும்பாலும் வேலை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் அதட்டித்தான் பேசுவார். அம்மா அடுப்படியிலிருந்து ஏதாவது கேட்டால் "என்னா?" என்று ஒரு கத்தல். நாங்கள் நான்கு பிள்ளைகளும் அவருக்குப் பயந்து பின்வாசல் வழியாக ஓடிவிடுவோம். கோபக்காரர் என்று லயம் முழுக்கப் பெயர். ஓய்வு பெற்று இரண்டு வருஷம் கழித்து, டெலிவிஷன் சத்தம் பொறுக்காமல் அண்ணன் அவரைக் காது டாக்டரிடம் அழைத்துப் போனார். அங்கே ஒரு படம் போட்டுக் காட்டினார்கள். கோடு முதலில் சுமாராகப் போய், 4,000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளத்தில் விழுந்தது. ஆலைச் சத்தத்தில் கெட்ட காது இப்படித்தான் இருக்குமாம். டாக்டர் சொன்னதைக் கேட்டு அம்மா, "அப்படின்னா இவரு அத்தனை வருஷமும் கோவப்படலையா?" என்றார். எனக்கு அந்த நாற்காலியில் உட்காரவே முடியவில்லை.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, கவனியுங்கள். அப்பாவுக்குச் சத்தம் கேட்கும்; பேச்சுதான் புரியாது. ச, த, க போன்ற மெய்யெழுத்துகளின் கூர்மை எல்லாம் உயர்ந்த சுருதியில் இருக்கிறது. அந்தப் பகுதி போய்விட்டால் "தட்டு எடுங்க" என்றாலும் "சட்டி எடுங்க" என்றாலும் ஒன்றுதான். குழந்தைகளின் குரல்தான் முதலில் கைவிட்டுப் போகும். பேத்தி சொல்வது அவருக்குப் புரியாது. அவளோ தாத்தா தன்னை மதிக்கவில்லை என்று சிணுங்குவாள்.

நம் உட்காதில் நத்தை ஓடு போல ஒரு சுருள் இருக்கிறது. அதற்குள் ஒரு காதுக்கு ஏறக்குறைய 15,000 நுண்ணிய மயிர்க்கலங்கள். சத்தத்தை நரம்புச் செய்தியாக மாற்றுவது அவைதான். லாலாங் புல்லை மிதித்தால் மறுநாள் நிமிரும். ஒரே இடத்தில் தினமும் மிதித்தால் தடம் விழுந்துவிடும் அல்லவா? அதுபோலத்தான். புல்லாவது மழைக்குத் திரும்ப முளைக்கும். மனிதனுக்கு இந்தக் கலங்கள் திரும்ப முளைப்பதில்லை.

சரி, ஹெட்போனுக்கு வருவோம்.

கடையில் விற்பவை இரண்டு வகை. ஒன்று சத்தத்தை அடைப்பது. மற்றது சத்தத்தை அழிப்பது. கடைப் பையன் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் போட்டுக் குழப்பினாலும் நாம் குழம்பக் கூடாது.

அடைக்கும் வகையில் வித்தை ஒன்றுமில்லை. கதவைச் சாத்துவது போலத்தான். காதுத் துளைக்குள் ரப்பர் அல்லது நுரைப்பஞ்சு முனையை நுழைத்து அடைப்பார்கள்; அல்லது காது முழுவதையும் மெத்தை வைத்த கிண்ணத்தால் மூடுவார்கள். பேட்டரி தேவையில்லை. மனிதப் பேச்சு, பாத்திரச் சத்தம், பிரேக் கிறீச்சிடுவது போன்ற மேல் சுருதிச் சத்தங்களை இது நன்றாகத் தடுக்கும். ஆனால் பஸ் இஞ்சினின் 'உம்ம்' என்ற அடித்தொண்டை உறுமல், கதவைச் சாத்தினாலும் சுவர் வழியாக வருவது போல உள்ளே வந்துவிடும்.

அழிக்கும் வகைதான் வேடிக்கையானது. ஈயம் தோண்டிய பழைய குளத்தில் ஒரு கல்லைப் போட்டால் அலை எழும்புகிறது. மேடும் பள்ளமுமாகப் போகிறது. அந்த மேடு வரும் இடத்தில் சரியாக ஒரு பள்ளத்தையும், பள்ளம் வரும் இடத்தில் ஒரு மேட்டையும் நாம் உண்டாக்க முடிந்தால் என்ன ஆகும்? தண்ணீர் சமமாகிவிடும். சத்தமும் அலைதானே! ஹெட்போனுக்குள் இருக்கும் குட்டி மைக் வெளிச்சத்தத்தைக் கேட்கிறது. உள்ளேயிருக்கும் சில்லு அதற்கு நேர் எதிரான அலையை உடனே உண்டாக்கிக் காதுக்குள் விடுகிறது. இரண்டும் மோதி அடங்கிவிடுகின்றன. பால் லூக் என்ற ஜெர்மானியர் இந்த யோசனைக்கு 1936-லேயே அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிவிட்டார். யோசனை இருந்தது, அதைச் செய்து காட்டும் மின்னணுக் கருவிதான் அன்று இல்லை.

அதைச் செய்து காட்டியவர்களில் முக்கியமானவர் நம்மூர்க்காரர் மாதிரி ஒருவர். அமர் போஸ். தந்தை வங்காளத்திலிருந்து வெள்ளைக்காரன் ஆட்சியை எதிர்த்து, தப்பி அமெரிக்கா போனவர். மகன் அங்கே எம்.ஐ.டி.யில் பேராசிரியராகி, 1964-இல் சொந்தமாக ஒலிக்கருவி நிறுவனமும் தொடங்கினார். 1978-இல் சூரிக்கிலிருந்து வீடு திரும்பும் விமானத்தில் பாட்டுக் கேட்க ஹெட்போன் கொடுத்தார்கள். மாட்டினால் பாட்டைவிட இஞ்சின் சத்தம்தான் அதிகம். வேறு யாராவது என்றால் பணிப்பெண்ணிடம் முணுமுணுத்துவிட்டுத் தூங்கியிருப்பார்கள். அவர் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். ஆனாலும் கடைக்குச் சரக்கு வர பதினொரு வருஷம் ஆயிற்று. 1989-இல் விமானிகளுக்காக முதல் கருவியை விற்றார்கள். உங்களையும் என்னையும் போன்ற பயணிகளுக்கு என்று வந்தது 2000-இல்தான்.

விமானத்தில் பிறந்த பொருள் என்பதை ஞாபகத்தில் வையுங்கள். அதனுடைய பலமும் பலவீனமும் அதில்தான் இருக்கிறது. விமான இஞ்சின், பஸ் இஞ்சின், ஏர்கோன் போல, ஒரே மாதிரி நீண்டுகொண்டே இருக்கும் தாழ்ந்த சத்தத்தை அது மிக அழகாக அழிக்கும். 100 ஹெர்ட்ஸ் சத்தத்தின் ஓர் அலை 3 மீட்டருக்குமேல் நீளம். எதிர் அலையைப் பொருத்தி வைக்க வசதியானது. 5,000 ஹெர்ட்ஸ் என்றால் அலை 7 சென்டிமீட்டர்தான். கொஞ்சம் தப்பினாலும் மேட்டோடு பள்ளம் சேராமல் மேட்டோடு மேடு சேர்ந்துவிடும். அதனால் மேல் சுருதிச் சத்தங்களை அது தொடுவதேயில்லை. அங்கே மெத்தையும் ரப்பர் முனையும்தான் வேலை செய்கின்றன. பக்கத்து சீட்டுக் குழந்தை வீரிட்டால் ஆயிரம் வெள்ளிக் கருவியிலும் கேட்கும். திடீரென்று விழும் சத்தமும் அப்படியே.

இது தெரியாமல்தான் எங்கள் வீட்டுப் பிள்ளை ஒருவன் மாட்டிக்கொண்டான்.

அண்ணன் மகனுக்கு வயது இருபத்து மூன்று. ஓர் ஒப்பந்தக்காரரிடம் புல் வெட்டும் வேலை. தோளில் மாட்டும் மிஷின். காலை ஏழு மணிக்குக் கையில் எடுத்தால் மதியம் வரை இறக்குவதில்லை. போன தீபாவளிக்கு முதல் வாரம் பார்க்கிறேன், காதில் வெள்ளையாக இரண்டு குட்டி இயர்போன். பாட்டு ஓடுகிறது, மிஷினும் ஓடுகிறது.

"காதுக்கு ஒண்ணும் போடலையாடா?" என்றேன்.

"இதுதான் அத்தை. சத்தத்தை அழிக்கும்னு பெட்டியிலேயே போட்டிருக்கே. முந்நூறு வெள்ளி."

"முதலாளி காதுக்காப்பு கொடுக்கலையா?"

"கண்ணுக்குக் கண்ணாடி கொடுத்தாங்க."

நான் அதை வாங்கி என் காதில் மாட்டிக்கொண்டு மிஷினைக் கிளப்பச் சொன்னேன். உண்மையிலேயே அடி உறுமல் குறைந்தது. ஆனால் அந்த வீறிடல் இருக்கிறதே, அது அப்படியே நின்றது. பாட்டு எவ்வளவு சத்தத்தில் ஓடுகிறது என்று அவன் போனைப் பார்த்தேன். அளவுக்கோடு கடைசிக்கு ஒரு படி கீழே. ஆக, மிஷின் சத்தம் ஒரு பக்கம், அதை அமுக்குவதற்காக வைத்த பாட்டுச் சத்தம் மறு பக்கம். தாத்தாவுக்காவது ஒரு சத்தம்தான். பேரனுக்கு இரட்டைச் சம்பளம்!

போனில் ஓர் அளவுமானியை இறக்கிப் பார்த்தான். 97 டெசிபல் என்று காட்டியது. போன் அவ்வளவு நம்பகமான சாட்சி அல்ல என்றாலும், இந்த மிஷின்கள் 90-ஐத் தாண்டுவது தெரிந்த விஷயம்தான். டெசிபல் கணக்கு நம் வழக்கமான கூட்டல் அல்ல. 3 கூடினால் சத்தத்தின் சக்தி இரு மடங்கு. 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம் என்றால், 88-இல் 4 மணி நேரம், 91-இல் 2, 94-இல் 1, 97-இல் அரை மணி நேரம். அவன் ஏழரைக்கே அன்றைய பங்கைத் தீர்த்துவிடுகிறான்.

நம் நாட்டில் 2019-இல் வந்த வேலையிட இரைச்சல் விதிமுறைகள் 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்றுதான் எல்லை வைத்திருக்கின்றன. 1989-இல் வந்த பழைய விதியில் அது 90 ஆக இருந்தது. எல்லையைத் தாண்டும் இடத்தில் காதுக்காப்பு வழங்குவதும், தொழிலாளியின் செவித்திறனைச் சோதிப்பதும் முதலாளியின் கடமை. அப்பா காலத்தில் பஞ்சை உருட்டிக் காதில் வைத்துக்கொள்வார்கள். அது வெறும் மனத்திருப்தி.

ஆகவே ஆலை, புல்வெட்டி, மரம் அறுக்கும் மிஷின், ஜெனரேட்டர் இவற்றுக்குப் பக்கத்தில் வேலை செய்கிறவர்கள் பாட்டு ஹெட்போனை நம்பவே வேண்டாம். அதற்கென்று செய்த காதுக்காப்பின் பெட்டியில் எஸ்.என்.ஆர். அல்லது என்.ஆர்.ஆர். என்ற எழுத்துகளும் பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கும். எத்தனை டெசிபல் குறைக்கும் என்று சோதனைச்சாலையில் அளந்த எண் அது. நாம் போடும் லட்சணத்தில் அவ்வளவும் குறையாது. இருந்தாலும் அந்த எழுத்துகள் இல்லாத சாமானை வாங்காதீர்கள். விலையோ, பாட்டு ஹெட்போனில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

நுரைப்பஞ்சு அடைப்பான் வாங்கினால் போடும் முறை தெரிய வேண்டும். பலர் அப்படியே காது வாசலில் ஒட்டவைத்துக்கொள்கிறார்கள். கையைக் கழுவிவிட்டு, அதை விரல்களுக்கிடையே ஊதுபத்தி போல மெல்லியதாக உருட்ட வேண்டும். மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதின் மேல்நுனியை மேலும் பின்னுமாக இழுத்தால் துளை நேராகும். அப்போது நுழைத்து, அது உள்ளே உப்பும் வரை அரை நிமிஷம் விரலால் பிடித்திருக்க வேண்டும். சரியாகப் போட்டீர்களானால் உங்கள் குரலே உங்களுக்குக் குடத்துக்குள் பேசுவது போலக் கேட்கும்.

பாட்டு இயர்போனுக்கும் இதே விதிதான். முனை பொருந்தாவிட்டால் தொள்ளாயிரம் வெள்ளியும் தண்டம். பெட்டிக்குள் பெரிதும் சிறிதுமாக மூன்று ஜோடி முனை வைத்திருப்பார்கள். பெரும்பாலோர் மாட்டியிருப்பதையே மாற்றாமல் காலம் தள்ளுகிறார்கள். மூன்றையும் போட்டுப் பாருங்கள். சிலருக்கு இடக்காதுக்கு ஓர் அளவு, வலக்காதுக்கு வேறு அளவு. காதை மூடும் பெரிய வகை வாங்குகிறவர்கள், மூக்குக்கண்ணாடியின் காது மெத்தையைத் தூக்கி இடைவெளி விடுகிறதா என்று பார்க்க வேண்டும். பெண்கள் தோட்டையும் ஜிமிக்கியையும் கழற்றாமல் போட்டால் சத்தமும் உள்ளே வரும், காதும் வலிக்கும். நான் கடையில் தோடு கழற்றியதைப் பார்த்துப் பையன் சிரித்தான். சிரிக்கட்டும்.

நம் ஊர் வெக்கைக்குப் பெரிய வகை அவ்வளவு தோதுப்படாது. ஏர்கோன் பஸ்ஸிலும் விமானத்திலும் சுகம்தான். வெளியில் பத்து நிமிஷத்தில் காதைச் சுற்றி வியர்வை. ஒன்றிரண்டு வருஷத்தில் மெத்தையின் தோல் கருவாட்டுச் செதில் போல உதிரும். காதுக்குள் போடும் வகைக்கு வேறு தொல்லை. ஈரக்காதை நாள் முழுவதும் அடைத்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும். குளித்ததும் மாட்டாதீர்கள், முனைகளைக் கழற்றி அடிக்கடி துடையுங்கள், தோழிக்கு ஒன்று தனக்கொன்று என்று பங்கு போடுவதும் வேண்டாம். ஒருவருடைய பல்துலக்கியை இன்னொருவர் தொடுவதில்லை, இதை மட்டும் எப்படிக் கொடுக்கிறார்களோ தெரியவில்லை.

சத்தத்தை அழிக்கும் வகை சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. மலைப்பாதையில் பஸ் ஏறும்போது காது அடைக்குமே, அதுபோல ஒரு திணறல் இருக்கும். ஆகவே முடிந்தால் கடையில் பத்து நிமிஷம் போட்டுப் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள். திறந்த ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் காற்று மைக்கில் பட்டு அதுவே ஓர் இரைச்சலாகும்.

பாட்டே போடாமல் வெறுமனே மாட்டிக்கொள்ளலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. போன வருஷம் திருச்சி போய்வந்தபோது நான் நான்கு மணி நேரமும் அப்படித்தான் இருந்தேன். இறங்கியபோது வழக்கமான தலைவலி இல்லை. ஆனால் அதே சுகத்தில் ஒரு நாள் கோலாலம்பூரிலிருந்து வரும் கொமியூட்டரில் கண்ணயர்ந்து, லாபுவில் இறங்க வேண்டியவள் அறிவிப்பு காதில் விழாமல் சிரம்பானில் போய் நின்றேன். வெளிச்சத்தத்தை உள்ளே விடும் பொத்தான் ஒன்று பல கருவிகளில் இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று முதல் நாளே கற்றுக்கொள்ளுங்கள். ரோட்டில் நடக்கும்போதும் மோட்டாரில் போகும்போதும் அந்தப் பொத்தான்கூட வேண்டாம், கழற்றிப் பைக்குள் போட்டுவிடுங்கள். செம்பனைக் குலை ஏற்றிய லாரி பின்னால் வருவது நமக்குத் தெரிய வேண்டும்.

இப்போது சகோதரியின் கேள்வி. பத்து மடங்கு விலைக்குப் பத்து மடங்கு நன்மை கிடையாது. மகளின் பயணத்தில் பாதி டீசல் பஸ், பாதி மின்சார ரயில். ரயிலில் தொல்லை பேச்சுச் சத்தம்தான். அதற்கு நன்றாகப் பொருந்தும் முனையுள்ள தொண்ணூறு வெள்ளி இயர்போனே போதும். பஸ் உறுமல் அவளுக்கு உண்மையிலேயே தலைவலி தருகிறது என்றால் அழிக்கும் வகை வாங்கலாம். இருநூறு வெள்ளிக்குள்ளேயே இப்போது சுமாரான நல்ல சாமான் வருகிறது. தொள்ளாயிரம் வெள்ளிச் சாமான் மாதம் நாலு தடவை விமானம் ஏறுகிறவர்களுக்கு. நம் பிள்ளைக்கு அந்தப் பணத்தில் இரண்டு பருவத்துக்குப் புத்தகம் வாங்கலாம்.

எதை வாங்கினாலும் ஒன்றைக் கவனிக்கச் சொல்கிறேன். வீட்டில் அமைதியான நேரத்தில் அவளுக்குப் பிடித்த அளவில் பாட்டை வைக்கச் சொல்லி, அளவுக்கோடு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பிறகு பஸ்ஸில் எங்கே வைக்கிறாள் என்று கேளுங்கள். அந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் பஸ் இரைச்சல் அவளிடம் வாங்கும் வரி. நல்ல ஹெட்போன் அந்த இடைவெளியைக் குறைக்க வேண்டும். குறைக்கவில்லை என்றால் எத்தனை வெள்ளி கொடுத்திருந்தாலும் அது வேலை செய்யவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன அளவு, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம்; குழந்தைகளுக்கு 75. 90 டெசிபலில் கேட்டால் பெரியவர்களுக்கே வாரம் 4 மணி நேரம்தான். பல போன்களில் சத்தத்துக்கு உச்சவரம்பு போடும் வசதி இருக்கிறது. அமைப்புகளுக்குள் தேடிப் பாருங்கள்.

குழந்தைகள் என்றதும் ஒரு குற்ற உணர்வு. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகளை மூடியபோது, போனில் பாடம் நடத்தினோம். இரண்டு அறை வீட்டில் மூன்று பிள்ளைகள், பக்கத்தில் டெலிவிஷன். "இயர்போன் வாங்கிக் கொடுங்கள்" என்று பெற்றோர்களிடம் சொன்னவள் நானேதான். இரவுச் சந்தையில் ஐந்து வெள்ளிக்கு வாங்கிக் கொடுத்தார்கள். காதில் நிற்காத, எதையும் அடைக்காத சாமான். டெலிவிஷனை மிஞ்சப் பிள்ளைகள் சத்தத்தைக் கடைசி வரை ஏற்றியிருப்பார்கள். சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை நான் அன்று சொல்லவில்லை. இப்போது ஒவ்வோர் ஆண்டும் முதல் வாரத்தில் சொல்கிறேன்.

அண்ணன் மகன் விஷயம் கேட்பீர்கள். கிண்ணம் போன்ற காதுக்காப்பு ஒன்றை நானே வாங்கிக் கொடுத்தேன். முதலில் கூட வேலை செய்யும் பையன்கள் கேலி செய்கிறார்கள் என்று பைக்குள்ளேயே வைத்திருந்தான். அப்புறம் ஒரு நாள் தாத்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டெலிவிஷன் பார்த்தானாம். இப்போது போடுகிறான். ஒப்பந்தக்காரரிடம் மற்றவர்களுக்கும் கேட்கச் சொல்லியிருக்கிறேன், பதில் வரவில்லை.

சகோதரி எதை வாங்கினார், அளவுக்கோடு எங்கே நின்றது என்று எழுதினால் மகிழ்வேன். அடுத்த மாதம், பகாவிலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கும் மூக்குக்கண்ணாடி விஷயத்தைப் பார்ப்போம்.